நாளைக்குக் கிணறு இறைக்க வருகிறார்கள்

அன்புள்ள மகனுக்கு,

எங்கள் கிணற்றுக்கு அடியில் நல்ல தண்ணீர் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது? போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ இதைக் கேட்டபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதாக நினைத்து இரண்டு தரம் "அம்மா, கேக்குதோ?" என்றாய். கேட்டது. பதில் தெரியாததால் பேசாமல் இருந்தேன். இருபது வருடத்துக்கு மேலாகப் புவியியல் படிப்பிக்கிறேன். தீவுகளில் மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் கடல்நீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது என்று கரும்பலகையில் எத்தனையோ தரம் படம் கீறியிருக்கிறேன். மழைநீருக்கு வெள்ளைச் சோக், கடல்நீருக்கு நீலச் சோக். ஆனால் என் வீட்டுக் கிணற்றில் வெள்ளை எங்கே முடிகிறது, நீலம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இருக்கிற ஒரே வழி இறைத்துப் பார்ப்பதுதான். இறைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டால், அதற்குள் கடல்நீர் மேலே ஏறியிருக்கும், பிறகு அந்த அறிவை வைத்துச் செய்ய ஒன்றும் இருக்காது.

அதைத்தான் நாளைக் காலை செய்யப் போகிறார்கள். கலியாணத்துக்கென்று வெளிநாட்டில் இருந்து வந்து எங்களோடு நிற்கிற உன் பெரியப்பா சந்தியில் ஒரு பெரிய இறைப்பு மிசினுக்கும் ஆட்களுக்கும் சொல்லிவிட்டார். உன் கலியாணத்துக்காகக் கிணற்றை அடிமட்டும் இறைத்து, சேறு அள்ளி, கிணற்றுக்கட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்களாம். நீயும் சம்மதம் என்று சொன்னதாகச் சொல்கிறார். நீ என்ன சொன்னாயோ எனக்குத் தெரியாது. "துப்புரவாக்கினால் நல்லதுதானே" என்று எதையாவது சொல்லியிருப்பாய், அவர் அதை எடுத்துக்கொண்டு போயிருப்பார். தொலைபேசியில் நான் இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று முடித்துவிடுவாய். எழுதினால் முடிவுவரை வாசிக்கத்தான் வேண்டும். அதனால் பின்னேரம் தொடக்கம் குசினிக் கதிரையில் இருந்து கைபேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பெருவிரல் நோகிறது.

முதலில் இங்கே நிலைமை என்ன என்று சொல்கிறேன். காணொளியில் நீ பார்ப்பது வீட்டின் முன்பக்கத்தை மட்டும். அங்கே அரிசி கழுவிய தண்ணீரில் நான் வளர்க்கும் நித்தியகல்யாணி இன்னும் பூக்கிறது. பின்பக்கம் வேறு நாடு. போன மாரி பேருக்குப் பெய்துவிட்டுப் போனது. நெல் விதைத்தவர்கள் கதிர் வருகிற நேரத்தில் வரம்பில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். வெட்டியதில் பாதி மணி பிடிக்காத சப்பி. தை பிறந்த பிறகு ஒரு துளி விழவில்லை. வைகாசியில் தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. நிலத்தில் மிஞ்சியிருக்கிற ஈரத்தை அது இரவு பகலாக உறிஞ்சிக்கொண்டு போகிறது. மாடு மேயும் தரவையில் புல் கருகிப்போய், மண்ணில் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் தண்ணீர் நிற்பதுபோல இருக்கும். மாடுகள் அதை நோக்கிப் போகின்றன, கொஞ்ச நேரம் நிற்கின்றன, திரும்பி வருகின்றன. பனையோலையைக் கிழித்துக் கிழித்துப் போட்டுத்தான் அவற்றை உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஓலை வெட்ட ஏறுவதற்கும் ஆள் கிடைப்பதில்லை. முந்தாநாள் யாருடையதோ ஒரு பசு, வயிற்றில் கன்றோடு, எங்கள் குசினித் தண்ணீர் போகும் வாய்க்காலில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் ஊற்றி வைத்தேன். சவர்க்காரத் தண்ணீரை மாடு குடிக்குமா என்று உன் அப்பா கேட்டார். குடித்தது.

தோட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெங்காயம் நட்டவர்கள் பாதியில் கைவிட்டார்கள். கத்தரி நின்ற தோட்டத் தறையில் வெடிப்புக்குள் கைவிரல் போகிறது. பிரதேச சபையின் பவுசர் கிழமைக்கு இரண்டு தரம் சாட்டிப் பக்கத்துக் கிணறுகளில் இருந்து தண்ணீர் கொண்டுவந்து சந்தியில் நிற்கிறது. அது வருவதற்கு முன்னமே கலன்கள் வரிசையில் நிற்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். யாருடைய கலனை யார் பின்னுக்குத் தள்ளியது என்பதில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு குடும்பங்கள் இப்போது முகம் பார்ப்பதில்லை. அவர்கள் சம்பந்திகள்.

இந்த மாதத்தில்தான் நீங்கள் எல்லோரும் வருகிறீர்கள். கனடாவிலும் லண்டனிலும் பள்ளிக்கூடம் விடுகிற மாதமும் எங்கள் கிணறுகள் வற்றுகிற மாதமும் ஒன்றாக அமைந்தது உங்கள் பிழை இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் வந்தவுடன் வான் பிடித்துக்கொண்டு சாட்டிக்குக் கடல் குளிக்கப் போவது, அங்கே இருந்து உப்பும் மணலுமாக வீட்டுக்கு வந்து கிணற்றடியில் வரிசையாக நின்று அள்ளி அள்ளி ஊற்றுவது, இதற்கு எந்தப் பள்ளிக்கூடமும் பொறுப்பு இல்லை. உன் பெரியப்பாவின் பிள்ளைகள் போன கிழமை அப்படித்தான் செய்தார்கள். நல்ல பிள்ளைகள், வாளி போட்டு அள்ளுவது அவர்களுக்கு விளையாட்டாக இருந்தது. நான் உள்ளே நின்று வாளி கிணற்றுக் கல்லில் அடிபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் கயிறு இன்னும் கொஞ்சம் நீளமாகப் போனது. விருந்தினரிடம் எப்படிச் சொல்வது? பெரியவளை மட்டும் கூப்பிட்டு, "பிள்ளை, காணும் எண்டு நினைக்கிறன்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு, "இன்னும் கீழை கனக்க இருக்குது சித்தி" என்றாள்.

கிணறு எங்களுடையது மட்டும் இல்லை என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், கனடாவுக்குப் போனவர்களுக்கு இது முதலில் மறக்கிறது. அதில் மூன்று பங்கு. ஒன்று எங்களுடையது. ஒன்று வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டம் செய்கிற குணமண்ணையுடையது. மற்றது பூட்டிக் கிடக்கிற வீட்டுக்காரருடையது, அவர்கள் லண்டனில். அவர்களின் தறையையும் குணமண்ணைதான் செய்கிறார், அதனால் அவர்களின் முறையும் அவருக்கே. நாள்முறை மாறி மாறி வரும். வாளி யாரும் எந்த நாளும் போடலாம். மோட்டரை மட்டும் முறைக்காரர் தவிர வேறு யாரும் போட முடியாது. இது எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் இந்த ஒழுங்கையில் எழுதி வைத்த சட்டங்களை எல்லாம் மீறியவர்கள்கூட இதை மீறியதில்லை.

நீ ஒருமுறை மீறினாய். பன்னிரண்டு வயது இருக்கும். தாங்கியை நிரப்ப மோட்டரைப் போட்டுவிட்டு, சுவிச்சை மறந்து, வாசிகசாலைக்குப் பக்கத்தில் கிரிக்கெட் விளையாடப் போனாய். அதுவும் ஒரு வறண்ட வருடம், இந்த அளவுக்கு இல்லை. தாங்கி நிரம்பி, முற்றம் நிரம்பி, ஒழுங்கைக்குத் தண்ணீர் ஓடிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பொழுதுபட்டு எங்கள் முறை முடிந்து குணமண்ணையின் முறைக்குள்ளும் மோட்டர் ஓடியிருக்கிறது. அடுத்த நாள் சவர்க்காரம் நுரைக்கவில்லை. அதற்கு அடுத்த கிழமை அவருடைய மிளகாய்க் கன்றுகளின் இலை ஓரம் நெருப்பில் காட்டியதுபோலக் கருகியது. அவர் வேலியடியில் நின்று ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி ஏசினார். உன்னை ஏசவில்லை, உன் அப்பாவை ஏசினார். பிறகு வழக்கப்படி எங்கள் அடுத்த முறைகளை அவர் எடுத்துக்கொண்டார், நாங்கள் கொடுத்தோம். நீ அழுதாய். மாரி மழை வந்து கிணறு நிரம்பும்வரை தேநீரில் ஒரு கரிப்பு இருந்தது. உனக்கு இது நினைவில் இருந்தால், நாளைக்கு நடக்கப்போவது என்ன என்று நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அன்றைக்கு ஓடியது அரைக் குதிரை வலு மோட்டர். நாளைக்கு வருவது குளம் வற்றவைக்கிற மிசின்.

இப்போது குணமண்ணைக்கும் எனக்கும் கதை இல்லை. அதையும் நீ என்னிடம் இருந்தே கேட்டுவிடு. ஆனி மாதமே நான் எங்கள் மோட்டரைக் கழற்றி வைத்துவிட்டேன். வாளிதான். அவர் தன் முறைக்குத் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த மிளகாய்த் தறை ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அதை விட்டால் அடுத்த வருட விதைக்கும் கையில் ஒன்றும் இல்லை. எனக்கு அது விளங்காமல் இல்லை. ஆனால் மோட்டர் சத்தம் கேட்டால் என் கண் தானாகவே குசினி மணிக்கூட்டுக்குப் போகும். ஒருநாள் யன்னலால் நான் மணி பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"என்ன ரீச்சர், எனக்குச் சோதினையோ வைக்கிறியள்?"

"உங்கடை மிளகாய்க்குப் போற தண்ணியிலைதான் குணமண்ணை எங்கடை உலையும் வைக்கிறது."

"என்ரை உலை அந்த மிளகாயிலைதான் கொதிக்குது" என்றார். அதற்குப் பிறகு வேலிக்கு இரண்டு பக்கமும் ஓலை கிழிக்கும் சத்தமும் பாத்திரம் கழுவும் சத்தமும்தான். உண்மையில் இரண்டு பேர் சொன்னதும் சரி. அதனால்தான் சமாதானம் ஆக வழி தெரியவில்லை.

இனி உன் பெரியப்பா. அவரைக் குறை சொல்வதாக நீ நினைக்கக்கூடாது. கிணறு இறைக்கிற விருப்பம் அவருக்கு எங்கே இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நாங்கள் யுத்தத்தில் இடம்பெயர்ந்து, கலியாணம் முடித்து, திரும்பி இந்த வீட்டுக்குக் குடியேற வந்தபோது நீ என் வயிற்றில். தீவு முழுக்க வருடக்கணக்காக ஆள் இல்லாமல் கிடந்தது. திரும்பி வந்த ஒவ்வொரு வீட்டுக்காரரும் கூரையைப் பார்க்க முதல் கிணற்றை இறைத்தார்கள். குப்பைக்காக மட்டும் இல்லை. கிணற்றுக்குள் என்ன கிடக்கும் என்று ஒருவரும் வாயால் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள். எங்கள் கிணற்றில் தண்ணீர் வற்றி வற்றிக் கீழே போனபோது சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்னுக்குப் போனார்கள். இறங்க ஆள் இல்லை. உன் பெரியப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றில் இறங்கினார். இலைக்குப்பை வந்தது, ஓட்டுத்துண்டுகள் வந்தன, ஒரு சைக்கிள் சட்டம் வந்தது, ஒரு செம்பு வந்தது. வேறொன்றும் இல்லை. அவர் கீழே இருந்து "ஒண்டும் இல்லை" என்று கத்தியபோது எங்கள் அம்மா நிலத்தில் குந்திவிட்டார். அடுத்தடுத்த நாட்களில் இன்னும் இரண்டு தரம் இறைத்தோம். ஒவ்வொரு தரமும் தண்ணீர் இன்னும் தெளிவாக, இன்னும் இனிப்பாக ஊறியது. அவர் கண்ணால் கண்டது அது. கிணறு என்றால் இறைக்க இறைக்க நல்லதாகும் என்பது அவருக்கு நம்பிக்கை இல்லை, அனுபவம். ஊருக்கு வந்தால் கிணற்றை இறைத்தால்தான் வீட்டுக்கு வந்த மாதிரி என்பது அவரோடு போனவர்கள் பலருக்கும் உண்டு. நம்பிக்கையோடு வாதாடலாம். அனுபவத்தோடு வாதாட என்னிடம் கரும்பலகைப் படம் ஒன்றுதான் இருக்கிறது.

வாதாடிப் பார்த்தேன். இன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மேசையில். கலியாணத்தன்று உன் தலைக்குப் பாலறுகு வைப்பதும் குளிக்கவைக்கிற தோயவார்ப்பும் சொந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் நடக்க வேண்டும், அதுவும் இப்படிப் பாசி பிடித்த தண்ணீரில் இல்லை என்றார்.

"கிணறு எண்டால் இறைக்கத்தான் ஊறும், பிள்ளை. நாங்கள் குடியேற வரேக்கை எத்தினை தரம் இறைச்சனாங்கள்? தண்ணி தேன் மாதிரி வந்ததோ இல்லையோ?"

"அது மார்கழி, அத்தான். மழை பெய்து முடிஞ்ச கையோடை. அதோடை, கன வருசமா ஒருத்தரும் இறைக்காத கிணறு. இது ஆவணி."

"கலண்டரைப் பாத்தோ ஊத்து ஊறுது?"

"ஓம்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு உன் அப்பாவைப் பார்த்து, "உன்ரை மனிசி எல்லாத்துக்கும் ஒரு பாடம் வச்சிருக்கிறா" என்றார். உன் அப்பா மீன் முள்ளை மிகக் கவனமாக எடுத்துக்கொண்டிருந்தார். பாரை மீனில் அவ்வளவு முள் இல்லை.

அடுத்த ஒழுங்கையில் நடந்ததையும் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டுக்குப் பின்னால் ஒரு குழாய்க் கிணறு அடிக்கலாம் என்ற யோசனை உனக்கு இருப்பது எனக்குத் தெரியும். அங்கே ஒருவர் வெளிநாட்டில் இருந்து வந்து மேல்மாடி கட்டி, முற்றத்துக்குப் புல் பதித்து, அந்தப் புல்லுக்காக ஆழமாகக் குழாய் இறக்கினார். ஒரு கோடை புல் பச்சையாக நின்றது. அடுத்த கோடையில் குழாயில் உப்பு வந்தது. அது போகட்டும், அவருடைய குழாய். ஆனால் சுற்றி இருந்த மூன்று வீட்டுக் கிணறுகளும் கூடவே உப்பாகின. அவர்கள் இன்றைக்கும் பவுசர் வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு மாரி வந்துபோன பிறகும் அந்தத் தண்ணீர் திரும்பவில்லை. அவர் திரும்பிப் போய்விட்டார். உன் பெரியப்பா இதைக் கேட்டுவிட்டு, அது குழாய்க் கிணறு, இது கட்டுக் கிணறு என்றார். கடல் அந்த வித்தியாசத்தைப் பார்க்காது என்று சொல்ல வாய்வரை வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர். விட்டுவிட்டேன்.

கலியாணம் செய்யப்போகிற மகனுக்குத் தாய் எழுதுகிற கடிதத்தில் வாழ்க்கையைக் கிணற்றோடு ஒப்பிட்டு இரண்டு வரி வரும் என்று நீ எதிர்பார்த்துக்கொண்டிருந்தால், வராது. வாழ்க்கை வாழ்க்கை, கிணறு கிணறு. ஆனால் இந்தக் கிணற்றுப் பிரச்சினையில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது, அதை உனக்குச் சொல்லாமல் விட முடியாது. உன் அப்பா நல்ல மனிதர். ஒருவரையும் நோகச் சொல்லமாட்டார். தமையன் கேட்டாலும் ஓம், நான் கேட்டாலும் ஓம். இந்த வீட்டில் யாராவது ஒருவர் "ஏலாது" என்று சொல்ல வேண்டிய ஒவ்வொரு தரமும் அது என் தலையில்தான் விழுந்தது. உன் படிப்புக்காக உறவினர் கலியாணங்களுக்குப் போகாமல் விட்டபோது, உன் சித்தப்பாவுக்கு வளவுத் துண்டைக் கொடுக்க மறுத்தபோது, கோயில் திருவிழாவுக்குக் கிணற்றில் இருந்து தண்ணீர் லொறி நிரப்பக் கேட்டு வந்தபோது, எல்லாவற்றுக்கும் நான்தான் படலைக்குப் போய் நின்று ஏலாது என்றேன். அதனால் ஊரில் உன் அப்பா தங்கமான மனிதர், நான் படித்த திமிர் பிடித்தவள். இதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. நீ கலியாணம் முடித்த பிறகு அந்த வேலையை உன் மனைவியிடம் விட்டுவிடாதே. உன் ஆட்களுக்குச் சொல்ல வேண்டிய "ஏலாது" எல்லாவற்றையும் நீயே உன் வாயால் சொல். அவளும் தீவுப் பிள்ளை, காரைநகர். தண்ணீரின் அருமை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. போன கிழமை எனக்குத் தொலைபேசி எடுத்து நகை பற்றியோ சேலை பற்றியோ கேட்கவில்லை. "மாமி, பொம்பிளை மாப்பிளை வீட்டை வந்தால் அங்கை குளிக்கத் தண்ணி இருக்கோ, இல்லாட்டி நான் இஞ்சையே தோய்ஞ்சுபோட்டு வரட்டோ?" என்று கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

ஆகவே முதலாவது "ஏலாது" உனக்கு இப்போதே காத்திருக்கிறது. இதை நீ வாசிக்கிற நேரம் உனக்குக் காலை, எங்களுக்கு இரவாகியிருக்கும். பெரியப்பாவுக்கு எடு. கிணற்றை இறைக்க வேண்டாம், உன் தலையில் ஊற்ற ஒரு வாளி காணும், பாசி இருந்தால் வடிகட்டி ஊற்றலாம் என்று சொல். வீட்டுச் சாப்பாட்டை யாழ்ப்பாணத்தில் மண்டபத்திலேயே முடிக்கலாம் என்று சொல். வீடியோக்காரர் கிணற்றடியில் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க ஏதோ எடுக்க வேண்டும் என்றாராம், அவருக்கும் சொல். நான் சொன்னால் அது ரீச்சரின் பாடம். மாப்பிள்ளை சொன்னால் அது மாப்பிள்ளையின் விருப்பம். இந்த அநியாயத்தை நான் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை, ஆனால் இன்றைக்கு அதைப் பயன்படுத்த எனக்கு ஆட்சேபனை இல்லை.

அம்மா

இன்றைக்கு நடந்ததையும் நேற்று அனுப்பியதற்குக் கீழேயே எழுதிவிடுகிறேன்.

காலையில் பார்த்தபோது நீ வாசித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு இருந்தது. உன் பெரியப்பாவின் கைபேசி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. நான் தேநீர் ஊற்றினேன், அது அடிக்கவில்லை. இன்னொரு தேநீர் ஊற்றினேன், அது அடிக்கவில்லை. மிசினை ஏற்றிக்கொண்டு லான்மாஸ்ரர் உழவு இயந்திரம் படலைக்குள் வந்துவிட்டது. மூன்று பேர். குழாயைச் சுருள் பிரித்துக் கிணற்றுக்குள் விடப் போனபோதுதான் கிணற்றுக்கட்டில் குணமண்ணை இருப்பதைக் கண்டார்கள். எப்போது வந்தார் என்று தெரியாது. மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார். மிசின்காரர் அவரை எழும்பச் சொன்னார்.

"இண்டைக்கு என்ரை முறை" என்றார் குணமண்ணை. "வேறை ஆக்கள் மிசின் இறக்கேலாது."

உன் பெரியப்பா வெளியே வந்தார். "நீர் இறைக்கவே இல்லையே. சும்மாதானே இருக்கிறீர்."

"இறைக்கிறதும் இறைக்காமல் விடுறதும் என்ரை பாடு."

"அப்ப நாளைக்கு வாறம்."

"நாளைக்கு லண்டன்காரற்றை முறை. அதுவும் நான்தான்."

"நாளையிண்டைக்கு?"

குணமண்ணை வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அது உங்கடை வீட்டு முறை. ரீச்சரைக் கேளுங்கோ" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மிசின்காரர்களும் பார்த்தார்கள். நான் குசினி வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். "எங்கடை முறையை நான் குணமண்ணைக்குக் குடுத்திட்டன். மழை வருமட்டும்" என்றேன். அப்போதுதான் கொடுத்தேன் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். குணமண்ணைக்கும் தெரியும். அவர் கிணற்றுக்கட்டில் கொஞ்சம் நகர்ந்து இருந்தார்.

பெரியப்பா உன் அப்பாவின் பக்கம் திரும்பி, "டேய், நீ என்ன சொல்லுறாய்?" என்று கேட்டார்.

உன் அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவருக்கும் சேர்த்துச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "வளவும் கிணத்துப் பங்கும் அவவின்ரை சீதனம் அண்ணை. அதிலை நான் என்ன சொல்லுறது? அவ சொன்னதுதான்" என்றார். மிகவும் மெல்லிய குரலில். ஆனால் சொன்னார். நேற்று அவரைப் பற்றி உனக்கு எழுதியதில் ஒரு வரியை மாற்ற வேண்டும். அனுப்பியாகிவிட்டது.

மிசின்காரர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். உன் பெரியப்பா மத்தியானம்வரை விறாந்தையில் இருந்தார். பிறகு எழும்பி, வாங்கி வைத்த சுண்ணாம்பைக் கரைத்துக் கிணற்றுக்கட்டுக்குத் தானே வெள்ளையடித்தார். கரைப்பதற்கு இரண்டு வாளி அள்ளினார். நான் குசினிக்குள் போய்விட்டேன். அது காய்ந்த பிறகு கிணற்றுக்கட்டில் கையை ஊன்றி உள்ளே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னேரம், உனக்கு விடிகிற நேரம், உன் செய்தி வந்தது: "இப்பதான் முழுக்க வாசிச்சன் அம்மா. பெரியப்பாவுக்கு இனி எடுக்கட்டோ?" எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் எடு.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் மோட்டர் போடும் சத்தம் கேட்டது. குணமண்ணையின் முறை, குணமண்ணையின் மிளகாய். மணிக்கூடு என் தலைக்கு மேலே இருந்தது. நான் சுளகில் அரிசியைப் பரப்பி இரவுச் சோற்றுக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. வழக்கத்துக்கு முன்னமே மோட்டர் நின்றுவிட்டபோது சுளகில் பாதி அரிசி பார்க்காமல் கிடந்தது.